நோஞ்சான் பூனைக்குட்டிக்கு முதலில் சூடு, அப்புறம்தான் பால்

கேள்வி இதுதான்: தாய்ப்பூனை சில நாட்களாக வரவில்லை. குட்டிக்கு ஒரு மாதம் இருக்கலாம் என்று ஒரு கணிப்பு. எடை 240 கிராம். எழுந்து நின்றால் பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. பசும்பால் கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் குடித்தது, அப்புறம் தண்ணீராகப் பேதி போனது. இப்போது வாயில் விட்டாலும் விழுங்காமல் பாலை ஓரமாக வழியவிடுகிறது. மருத்துவரிடம் நாளைக் காலையில்தான் காட்ட முடியும். அதுவரை என்ன செய்வது, அதன் பிறகு எப்படித் தேற்றுவது?

முதலில் பால் புகட்டுவதை நிறுத்துங்கள். பசியில் கிடக்கும் குட்டிக்குப் பால் தராதீர்கள் என்பது கொடுமையான பேச்சாகத் தோன்றலாம். தாயில்லாக் குட்டிகளைப் பல வருடங்களாக வளர்த்து வருகிறேன், யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். சில்லிட்ட உடம்புக்குள் அவசரமாகப் புகட்டிய பாலே குட்டியின் உயிரைக் குடித்துவிடும். வரிசை ஒன்று இருக்கிறது: சூடு, சர்க்கரை, நீர், கடைசியாக உணவு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

குட்டியின் பாதத்தையும் காதையும் தொட்டுப் பாருங்கள். பிறகு சுண்டுவிரலை நன்றாகக் கழுவி அதன் வாய்க்குள் வையுங்கள். வாயின் உட்புறம் வெதுவெதுப்பாக இல்லாமல் சில்லென்றிருந்தால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் கால் அங்குலம் மட்டும் விட்டுப் பார்க்கலாம். பிறந்த முதல் வாரத்தில் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் இருப்பது இயல்பு. ஒரு மாதக் குட்டிக்கு 38 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். 35-க்குக் கீழே போனால் குடல் அசைவதை நிறுத்திக்கொள்கிறது. உள்ளே போகும் பால் செரிக்காமல் அப்படியே தேங்கும், புளிக்கும், வயிறு உப்பும், எதுக்களித்து மூச்சுக்குழாய்க்குள் போகும். விழுங்கும் திறனும் குளிரில் மங்கிவிடுகிறது. உங்கள் குட்டி பாலை வழியவிடுவது பிடிவாதத்தால் இல்லை. அதனால் விழுங்க முடியவில்லை.

சூடேற்றுவதை நிதானமாகச் செய்ய வேண்டும். கையில் எதுவும் இல்லாவிட்டாலும் உங்கள் உடம்பு இருக்கிறது. சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து, பாட்டிலில் வெந்நீர் ஊற்றி மூடி, தடித்த துணியில் சுற்றி ஒரு பக்கமாக வையுங்கள். மறுபக்கம் சூடில்லாமல் இருக்க வேண்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக இடம் வேண்டுமே. நகர முடியாத அளவு சோர்ந்த குட்டி என்றால் நீங்கள்தான் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துப் புரட்டிப் போட வேண்டும். வெந்நீரில் முக்குவது, ஹேர் டிரையரைக் காட்டுவது, ஹீட்டிங் பேடின் மேல் நேரடியாகப் போடுவது எல்லாம் கூடாது. தோல் வெந்துபோகும். தோலின் ரத்தக் குழாய்கள் ஒரேயடியாக விரிந்து ரத்த அழுத்தமும் சரிந்துவிடும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மெல்ல மெல்லச் சூடு ஏறினால் சரியான வேகம். பாட்டில் ஆறிப்போனால் உடனே மாற்றுங்கள். ஆறிய பாட்டில் குட்டியின் சூட்டையே இழுத்துக்கொள்ளும்.

சூடு ஏறிக்கொண்டிருக்கும்போதே சர்க்கரையைத் தொடங்கலாம். இவ்வளவு சிறிய உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. சில மணி நேரம் சாப்பிடாவிட்டாலே ரத்தத்தில் சர்க்கரை விழுந்துவிடும். தள்ளாட்டம், துவண்டு கிடப்பது, சில சமயம் வலிப்பு ஆகியவை இதனால் வரலாம். வெதுவெதுப்பான நீரில் குளுக்கோஸையோ சாதாரணச் சர்க்கரையையோ கெட்டியாகக் கரைத்து, விரல் நுனியில் தொட்டு ஈறில் தேயுங்கள். ஒரு தடவைக்கு ஓரிரு துளி போதும். சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்ச வேண்டாம். விழுங்க முடியாத குட்டிக்கும் ஈறு வழியாகக் கொஞ்சம் உள்ளே போகும். கால் மணிக்கு ஒருமுறை இப்படிச் செய்தால், சர்க்கரைதான் குறை என்கிற குட்டி அரை மணி, முக்கால் மணிக்குள் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

வாயின் உட்புறம் வெதுவெதுப்பாகி, விரலை வைத்தால் உறிஞ்சவோ நாக்கை அசைக்கவோ தொடங்கிய பிறகு நீர் கொடுக்கலாம். பேதி ஆன குட்டிக்கு நீர் வற்றியிருக்கும். பெரிய பூனைக்குச் செய்வதுபோல் கழுத்துத் தோலை இழுத்துப் பார்த்து இதைக் கணிக்க முடியாது. குட்டிகளின் தோல் அந்தச் சோதனைக்குச் சரியாகப் பதில் சொல்லாது. ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழவழப்பாக ஈரமாக இருப்பதற்குப் பதில் பசைபோல் ஒட்டினால் நீர் குறைவு. சிறுநீர் வெளிறிய மஞ்சளாக, கிட்டத்தட்ட நிறமில்லாமல் இருக்க வேண்டும். அடர் மஞ்சளாக இருந்தாலும் நீர் குறைவுதான். சுவை, வாசனை சேர்க்காத ஓஆர்எஸ் கரைசலை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை மில்லியிலிருந்து ஒரு மில்லி வரை, விழுங்குவதைப் பார்த்துப் பார்த்துக் கொடுங்கள்.

இங்கே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. சூடேறிய பிறகும் குட்டி துணிபோல் தொங்கினாலோ, வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறினாலோ, தலையைப் பின்னால் வளைத்து விறைத்தாலோ, ஈறு வெள்ளைத்தாள்போல் வெளுத்திருந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். இரவில் திறந்திருக்கும் எந்தக் கால்நடை மருத்துவமனையாக இருந்தாலும் சூடான பெட்டியோடு கிளம்பிவிடுங்கள். தோலுக்கு அடியில் ஏற்றும் திரவமும், ரத்தத்தில் நேரடியாகச் செலுத்தும் குளுக்கோஸும் செய்யும் வேலையை வீட்டில் எதனாலும் செய்ய முடியாது.

சரி, குட்டி சூடேறி, ஓஆர்எஸ் விழுங்கி, தலையைத் தூக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி உணவு. என்ன உணவு, எவ்வளவு என்பது வயதைப் பொறுத்தது. எடையைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. 240 கிராம் என்பது நன்றாகப் பால் குடித்து வளரும் இரண்டு வார, இரண்டரை வாரக் குட்டியின் எடை. அதே 240 கிராம் நான்கு வாரக் குட்டியிடம் இருந்தால் அது பாதிப் பட்டினியில் வளர்ந்திருக்கிறது. அந்த வயதுக்கு 350 முதல் 450 கிராம் வரை இருக்க வேண்டும். ஆகவே வாயைத் திறந்து பாருங்கள். கண் திறப்பது பிறந்து ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள். முன் வெட்டுப்பற்கள் மூன்றாவது வாரத்தில் சிறு அரிசிபோல் எட்டிப்பார்க்கும். பக்கத்துக் கோரைப்பற்கள் நான்காவது வாரத்தை ஒட்டி வரும். கடைவாயில் பல் தட்டுப்பட்டால் ஐந்து, ஆறு வாரம். பட்டினியால் உடம்பு சிறுத்துப்போகும், பல் ஏறக்குறைய அதன் காலத்தில் வந்துவிடும். கோரைப்பல் இருந்தால் உங்கள் கணிப்பு சரி, இது நான்கு வாரக் குட்டிதான்.

பசும்பால் இனி வேண்டாம். பூனைப் பாலில் புரதம் பசும்பாலில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். பசும்பாலில் லாக்டோஸும் அதிகம், குட்டியின் குடலால் அதைச் செரிக்க முடியாமல்தான் பேதி வருகிறது. நீர் ஊற்றிக் கலந்தால் சரியாகும் என்று சொல்வார்கள். அப்படிச் செய்தால் இருக்கிற கொஞ்சச் சத்தும் குறையும், அவ்வளவுதான். பூனைக்குட்டிக்கென்றே வரும் மாற்றுப் பால் பவுடர், அதாவது கிட்டன் மில்க் ரீப்ளேசர்தான் வேண்டும். மனிதக் குழந்தைகளுக்கான பால் பவுடர் அதற்கு ஈடாகாது. இன்றிரவு பவுடர் கிடைக்கவில்லை என்றால் ஓஆர்எஸ்ஸோடு ஒப்பேற்றுங்கள். குட்டி தெளிவாக இருந்து, பல்லும் வந்திருந்தால், உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல் வேகவைத்த கோழி இறைச்சியை அதன் நீரோடு கூழாக அரைத்து ஒரு நுனி நாக்கில் தடவிப் பார்க்கலாம். ஒரு இரவைக் கடத்துவதற்கு மட்டும்தான் இது.

பவுடரை டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படியே கலக்குங்கள். சீக்கிரம் சதை போடட்டும் என்று கெட்டியாகக் கலக்குகிறவர்கள் நிறையப் பேர். கெட்டிப் பால் உடம்பிலிருந்து குடலுக்குள் நீரை இழுத்து மறுபடி பேதியைக் கொண்டுவரும். வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தி 38 டிகிரி அளவுக்குச் சூடாக்குங்கள். மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டால் இதமாக இருக்க வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் ஒரு இடம் கொதித்தும் ஒரு இடம் ஆறியும் இருக்கும், அது வேண்டாம். கலந்த பாலை ஃபிரிட்ஜில் ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். குட்டி குடித்து மிச்சம் வைத்ததைக் கொட்டிவிடுங்கள்.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 100 கிராம் எடைக்கு வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 4 மில்லி கொள்ளும். ஒரு நாள் தேவை 100 கிராமுக்கு 20 மில்லியை ஒட்டி வரும். அப்படியானால் 240 கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்கு 9 அல்லது 10 மில்லிதான் உச்சம், ஒரு நாளைக்குச் சுமார் 48 மில்லி. ஆனால் பட்டினி கிடந்த குட்டிக்கு முதல் நாளே உச்ச அளவைக் கொடுக்கக் கூடாது. வெகுநாள் காய்ந்த உடம்பில் திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் உப்புகளின் சமநிலை குலையும், பேதியும் கூடும். முதல் நாள் 4 அல்லது 5 மில்லி, இரண்டரை மணிக்கு ஒருமுறை, இரவிலும்தான். பேதி கட்டுப்பட்டு வயிறு உப்பாமல் இருந்தால் இரண்டு மூன்று நாளில் படிப்படியாக 8, 9 மில்லிக்குப் போய் இடைவெளியை நான்கு மணி நேரமாக்கலாம். இரவுத் தூக்கம் போய்விடும். நோஞ்சான் குட்டிக்கு அந்த முதல் இரண்டு மூன்று இரவுகளை விட்டுக்கொடுக்க முடியாது.

குட்டியை எப்படிப் பிடிக்கிறோம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கைக்குழந்தையைப்போல் மல்லாக்கப் படுக்கவைத்துப் பால் கொடுக்கவே கூடாது. தாயிடம் குடிக்கும்போது குட்டி குப்புறப் படுத்து, முன்னங்கால்களால் பிசைந்துகொண்டு, கழுத்தைச் சற்றே உயர்த்திக் குடிக்கும். அதே வாக்கில் மடியில் ஒரு துண்டை விரித்துக் குப்புற வையுங்கள். தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள். நிப்பிள் ஓட்டை வழியே பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், தாரையாக ஓடக் கூடாது. நிப்பிளைப் பிடிக்கத் தெரியாத குட்டிக்கு ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சு போதும். வாயின் பக்கவாட்டில் வைத்து ஒரு துளி விட்டு, விழுங்கியது தெரிந்த பிறகு அடுத்த துளி. நேரே தொண்டையை நோக்கித் தள்ளினால் புரையேறும். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்து மூக்கைத் துடையுங்கள். அதன் பிறகு ஒன்றிரண்டு நாள் மூச்சைக் கவனியுங்கள். மூச்சு வேகமாகவோ, கரகரவென்ற சத்தத்தோடோ இருந்தால் நுரையீரலில் பால் போய் நிமோனியா தொடங்கியிருக்கலாம். அதற்கு மருத்துவர்தான் வேண்டும். உறிஞ்சவும் விழுங்கவும் வராத குட்டிக்கு மருத்துவமனையில் மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்கே பால் செலுத்துவார்கள். கற்றுத்தந்தால் வீட்டிலும் செய்யலாம், ஆனால் வீடியோவைப் பார்த்து நீங்களாகவே குழாயை விடாதீர்கள். குழாய் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விட்டால் திருத்த வழியில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மூன்று, நான்கு வாரம் வரை குட்டிகளுக்குத் தாமாகச் சிறுநீர், மலம் கழிக்க வராது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பால் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் மென்மையாகத் தடவிவிடுங்கள். உங்கள் குட்டி தானாகப் போகிற வயதை நெருங்கிவிட்டாலும், பலவீனமாக இருப்பதால் சில நாள் உதவலாம். போகும்போது நிறத்தைப் பாருங்கள். பால் மட்டும் குடிக்கும் குட்டியின் மலம் கடுகு மஞ்சளில் பேஸ்ட் பதத்தில் இருக்கும். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ போனால் பால் செரிக்கவில்லை. அளவைக் குறையுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் நடுவே நான் மிகவும் நம்புவது ஒரு கருவியை. கிராம் கணக்கில் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு. குட்டியைப் பார்த்து "இன்று பரவாயில்லை" என்று சொல்வதில் நம் ஆசையும் கலந்துவிடும். தராசில் அது கலக்காது. தினமும் ஒரே நேரத்தில், பால் கொடுப்பதற்கு முன், ஒரு கிண்ணத்தில் வைத்து எடை போட்டுத் தேதியோடு எழுதுங்கள். ஆரோக்கியமான குட்டி நாளுக்கு 10 முதல் 15 கிராம் வரை ஏறும். உங்கள் குட்டி முதல் ஓரிரு நாள் ஏறாவிட்டாலும் இறங்காமல் இருந்தால் போதும். அதன் பிறகு நாளுக்கு 5 கிராம், பிறகு 10 கிராம் என்று வர வேண்டும். சேர்ந்தாற்போல் இரண்டு நாள் எடை நின்றுவிட்டால் ஏதோ ஒன்று சரியில்லை. ஒரே நாளில் 10 கிராம் இறங்கினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். 20, 25 கிராம் என்பது அதன் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அது அவசரநிலை. விளையாடிக்கொண்டிருக்கும் குட்டியின் எடை திடீரென்று நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். மறுநாள்தான் அது சுருண்டு படுக்கும். எடை ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது, அந்த ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

நன்றாகக் குடித்தும் எடை ஏறவில்லை என்றால் உள்ளேயோ மேலேயோ ஒட்டுண்ணி ஏதாவது இருக்க வாய்ப்பு அதிகம். மேலே இருப்பது தெள்ளுப்பூச்சி. ரோமத்தை விலக்கிப் பார்த்தால் மிளகுத்தூள்போல் கறுப்புத் துகள் தெரியும். அதை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்தால் சிவப்பாகக் கசியும். அது குட்டியின் ரத்தம்தான், தெள்ளு குடித்துக் கழித்தது. 240 கிராம் உடம்பில் இருக்கும் ரத்தமே சொற்பம், தெள்ளுக் கூட்டம் அதைக் குடித்தே குட்டியைச் சோகையில் தள்ளிவிடும். ஈறு வெளுத்திருப்பதன் காரணம் பல சமயம் இதுதான். நெருக்கமான பல் கொண்ட சீப்பால் வாரி, விழும் பூச்சிகளைச் சோப்பு நீரில் போடுங்கள். நிறைய இருந்தால், குட்டி சூடாகவும் தெளிவாகவும் இருக்கும் வேளையில் மட்டும், மிதமான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் வைத்துச் சீக்கிரம் குளிப்பாட்டலாம். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போட்டுவிட்டால் பூச்சிகள் முகத்துக்கு ஏறாது. முடித்ததும் ஈரம் துளியும் இல்லாமல் துவட்டிச் சூடான பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். சில்லிட்டுக் கிடக்கும் குட்டியை எக்காரணத்துக்காகவும் குளிப்பாட்டாதீர்கள். நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைத் தொடவே வேண்டாம். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

உள்ளே இருப்பது குடற்புழு. முதுகெலும்பு துருத்திக்கொண்டிருக்க வயிறு மட்டும் பானைபோல் இருந்தால் உருண்டைப்புழுவைச் சந்தேகப்படுங்கள். தாய்ப்பால் வழியாகவே இது குட்டிக்கு வந்துவிடும், தெருவில் பிறந்ததா வீட்டில் பிறந்ததா என்பது பொருட்டில்லை. பைரன்டெல் போன்ற பூச்சி மருந்தை இரண்டு மூன்று வார வயதிலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். ஆனால் அதைத் துவண்டு கிடக்கும் இரவில் கொடுக்க வேண்டாம். குட்டி கொஞ்சம் தேறிய பிறகு, மருத்துவர் எடை பார்த்துச் சொல்லும் அளவில் கொடுங்கள். பூச்சி மருந்து கொடுத்தும் சளிபோலவோ ரத்தம் கலந்தோ பேதி நிற்கவில்லை என்றால் காக்சிடியா, ஜியார்டியா போன்ற ஓரணு ஒட்டுண்ணிகளாக இருக்கலாம். காக்சிடியா பைரன்டெலுக்கு அசையாது, அதற்கு மருந்து வேறு. அதனால் நாளை போகும்போது புதிதாகப் போன மலத்தில் கொஞ்சத்தைச் சுத்தமான சிறு டப்பாவில் எடுத்துப் போங்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வாயின் மேலண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் குடிக்கும் பால் மூக்கு வழியே வந்துகொண்டேயிருக்கும்.

மூக்கடைப்பை லேசாக நினைக்காதீர்கள். பூனை வாசனை பிடித்தால்தான் சாப்பிடும். ஹெர்பிஸ், காலிசி வைரஸ்களால் சளி பிடித்து மூக்கு அடைத்த குட்டி, உணவு முன்னால் இருந்தும் பட்டினி கிடக்கும். சாதா சலைன் நனைத்த பஞ்சால் மூக்கைத் துடைத்துவிட்டு, வெந்நீர் திறந்துவிட்ட குளியலறையில் ஆவி நிறைந்ததும் பத்து நிமிடம் மடியில் வைத்திருந்து, அப்புறம் உணவைச் சூடாக்கிக் கொடுத்தால் சாப்பிடத் தொடங்கும். கண் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சை வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள், பிய்த்துத் திறக்காதீர்கள். வீட்டில் யாருக்கோ வாங்கிய கண் சொட்டு மருந்தைப் போட வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால், ஹெர்பிஸால் கருவிழியில் புண் வந்திருக்கும் குட்டியின் பார்வையே போகலாம். மனிதர்களின் காய்ச்சல் மாத்திரை இன்னும் மோசம். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே வளர்ந்த பூனையைக் கொல்லும். குட்டிக்கு ஒரு துணுக்குகூட ஆகாது.

வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் இந்தக் குட்டியைக் குறைந்தது இரண்டு வாரம் தனி அறையில், தனிப் பாத்திரம், தனித் துணியோடு வையுங்கள். பேன்லூகோபீனியா என்ற பார்வோ வகை வைரஸ் தடுப்பூசி போடாத குட்டிகளை வாந்தி, பேதியோடு ஓரிரு நாளில் சாய்த்துவிடும். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும், சோப்பு நீருக்குச் சாகாது, நீர்த்த ப்ளீச் கரைசலுக்குச் சாகும். ஆனால் பூனை இருக்கும் இடத்தில் ஃபினாயில் வகைக் கிருமிநாசினிகள் வேண்டாம். அவற்றில் இருக்கும் ஃபீனாலைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. குட்டியைத் தொட்ட பிறகு நீங்களும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடித்தோ கீறியோ ரத்தம் வந்தால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, ரேபிஸ் தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள்.

தாய்ப்பூனை திரும்பி வந்தால் எல்லாவற்றையும்விட அது நல்லது. மனித வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற பயம் வேண்டாம், பெரும்பாலான தாய்கள் ஏற்றுக்கொள்ளும். கூடப் பிறந்த குட்டிகள் இதைத் தள்ளிவிட்டுக் குடித்தால், மற்றவற்றைக் கொஞ்ச நேரம் விலக்கி இதற்கு முதல் முறை கொடுங்கள். குறைவதை மட்டும் பாட்டிலில் ஈடுகட்டுங்கள். தாயே வேண்டுமென்று ஒரு குட்டியை ஒதுக்கினால் அந்தக் குட்டி சில்லிட்டிருக்கிறதா, நோயா என்று உடனே பாருங்கள்.

நான்கு வாரக் குட்டி என்பதால், தெம்பு வந்த சில நாட்களில் நிப்பிளை உறிஞ்சாமல் கடிக்க ஆரம்பிக்கும். பாலை மறக்கடிக்க அதுதான் நேரம். குட்டிகளுக்கென்று போட்டிருக்கும் ஈர உணவை மாற்றுப் பாலில் கூழாகக் கரைத்துத் தட்டையான தட்டில் வையுங்கள். முதலில் விரலில் எடுத்து நாக்கில் தடவிக் காட்டுங்கள். கூழில் காலை வைத்து, முகமெல்லாம் பூசிக்கொள்ளும், பரவாயில்லை. ஈரத்தோடு விடாமல் துடைத்து உலர்த்திவிடுங்கள். பாலை ஒரேயடியாக நிறுத்தாமல் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இந்த மாற்றத்தின்போது எடை ஒரு நாள் நிற்பது சகஜம், இரண்டாம் நாளும் நின்றால் பாட்டிலைக் கூட்டுங்கள். ஆறு வாரத்தில் நாளுக்கு நான்கு வேளை உணவு, பக்கத்தில் எப்போதும் குடிநீர். வெறும் இறைச்சியிலேயே வளர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். எலும்பில்லாத இறைச்சியில் கால்சியம் மிகக் குறைவு. அதை மட்டும் தின்று வளரும் குட்டி பார்க்கக் கொழுகொழு என்றிருக்கும், ஒரு நாள் மேசையிலிருந்து குதித்ததும் கால் முறியும். மலத்தட்டில் இந்த வயதில் கட்டியாகும் வகை மணல் போடாதீர்கள், குட்டிகள் அதைத் தின்று பார்க்கும். கிழித்த காகிதம் போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் சில குட்டிகள் நிற்பதில்லை. பிறவியிலேயே உறுப்புக் குறையோ, கண்ணுக்குத் தெரியாத தொற்றோ இருந்திருக்கும். அப்படி நடந்தால் எந்த வேளைப் பாலைத் தவறவிட்டோம் என்று உங்களையே குடையாதீர்கள். ஆனால் அந்தப் பயத்தை இன்றே கொண்டுவரவும் வேண்டாம். பல் முளைத்து, இத்தனை நாள் தனியாகத் தாக்குப்பிடித்த குட்டிக்கு நிஜமாகவே வாய்ப்பு இருக்கிறது.

நாளை மருத்துவரிடம் போகும்போது பெட்டிக்குள் சூடான பாட்டிலோடு கொண்டுபோங்கள். வழியில் மறுபடி சில்லிட்டுவிடக் கூடாது. இன்று எத்தனை மணிக்கு என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு விழுங்கியது, எத்தனை முறை பேதி, எடை என்ன என்று எழுதிய தாளையும் மல டப்பாவையும் கொடுங்கள். பேதிக்கான மருந்து, தோலடித் திரவம், பூச்சி மருந்தின் அளவு, அடுத்த தேதி ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தடுப்பூசி அவசரம் இல்லை. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், குட்டி நன்றாக எடை ஏறி நோயில்லாமல் இருக்கும்போது முதல் ஊசி. அதன் பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வார வயதைத் தாண்டும் வரை. எடை எழுதுவதை மட்டும் 800 கிராம் தாண்டும் வரை நிறுத்த வேண்டாம். சுமாராக எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில் அங்கே வந்துவிடும், பட்டினியில் தொடங்கிய உங்கள் குட்டிக்கு ஒன்றிரண்டு வாரம் கூடுதலாகலாம்.